விழ மறுத்த முழங்கால்

2022 பெப்ரவரி 9, புதன்கிழமை. பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். சுவிஸின் ஹஸ்லிபெர்க் மலையில் அன்றைய கடைசி ஸ்கீ (பனிச்சறுக்கு) இறக்கம். மகளுக்குப் பள்ளி விடுமுறை, எனக்கு வேலையில் ஓய்வு நாள். காலையிலேயே பெர்னிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தோம். காலையில் இறுகிக் கிடந்த பனி வெயில் பட்டுக் கனத்து, ஈரச் சீனி மாதிரி ஆகிவிட்டிருந்தது. தொடை இரண்டும் எரிந்தன.

"அம்மா, கேபிள் காரிலை இறங்குவமா?" என்று மகள் கேட்டாள்.

"இவ்வளவு தூரம் வந்திட்டு ஏன்?" என்றேன். அந்த ஒரு வசனத்துக்கு நான் கொடுத்த விலை இருபத்து மூன்று மாதம்.

வேகமாகப் போய் விழுந்தேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. ஆள் ஓடுகிற வேகம்கூட இல்லை. மலை என் வலப்பக்கம், பள்ளம் இடப்பக்கம். ஒரு மேட்டில் தட்டுப்பட்டு உடம்பின் பாரம் பின்னுக்குப் போய்விட்டது. குந்தியிருக்கிற மாதிரி இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. வலது கை பின்னால் போய்ப் பனியைத் தொட்டது. அந்த இடத்திலேயே பொத்தென்று விழுந்திருந்தால் உடுப்பு நனைந்திருக்கும், அவ்வளவுதான். நான் விழமாட்டேன் என்று நின்றேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே எழும்பப் பார்த்தேன். இடது ஸ்கீயின் வால் பனியைக் கடித்துக்கொண்டு திரும்பியது. முழங்காலுக்குள் கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்கீ கழரவேயில்லை.

"அம்மா, எழும்பாதேங்கோ!"

எழும்பினேன். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்டுகிற பரம்பரை நாங்கள். ஓரடி வைத்ததும் தொடை ஒரு பக்கமும் கீழ்க்கால் இன்னொரு பக்கமும் போவதுபோல இருந்தது. அப்போதுதான் பனியில் உட்கார்ந்தேன். மகள் தன் ஸ்கீ இரண்டையும் எனக்கு மேலே சில மீற்றர் தள்ளிக் குறுக்காகப் பனியில் குத்தி வைத்தாள். மேலிருந்து வருகிறவர்களுக்கு அது அடையாளம். பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் படித்தாளாம். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் ஸ்கீ பழகியதே அவளால்தான். முப்பத்தாறு வயதில், முகாமுக்குப் போய் வந்த பிள்ளை "நீங்களும் வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்ததால்.

மீட்புக்காரர்கள் சறுக்குப் படுக்கையில் கட்டி இறக்கினார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டே மலை இறங்குவது தனி அனுபவம். வலி அவ்வளவாக இல்லை. அதுவே ஏமாற்று. ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. சத்தம் கேட்டு, உடனேயே வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் நான் சந்தோஷப்பட்டேன். எக்ஸ்ரேக்குத் தசைநார் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டொக்டர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பார்த்தார். லாச்மன் சோதனை என்று பெயர். அவருடைய முகத்திலேயே விடை இருந்தது. அடுத்த வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. அதையே சொன்னது. முன் குறுக்குத் தசைநார் முழுதாக அறுந்துவிட்டது. இங்கே எங்கள் ஆட்களின் வாயில் அது ஜெர்மன் பெயரிலேயே குறொய்ட்ஸ்பான்ட். முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு, மெனிஸ்கஸ், தப்பியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, வலியில் நித்திரை வராமல் ஐஸ் பையோடு சோபாவில் கிடந்தபோது, விடியப்புறம் தொலைக்காட்சியில் பீஜிங் ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்தது. சுவிஸ் வீராங்கனை லாரா குட்-பெஹ்ராமி சூப்பர்-ஜி என்ற ஸ்கீப் போட்டியில் தங்கம் எடுத்தார். அந்த வாரத் தொடக்கத்தில் எங்கள் பெர்ன் மாநிலத்துக்காரர் பேயாட் ஃபொய்ட்ஸ் டவுன்ஹில் ஸ்கீப் போட்டியில் தங்கம் எடுத்திருந்தார். லாரா 2017இல் சென் மோரிட்ஸ் உலக சாம்பியன்ஷிப் போட்டியின்போது இதே இடது முழங்காலில் இதே தசைநாரை அறுத்துக்கொண்டவர். அதுவும் போட்டியில் இல்லை, அதற்குமுன் உடம்பைச் சூடாக்கும்போது. ஃபொய்ட்ஸுக்கு 2012இல் முழங்காலில் கிருமி தொற்றி, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்கிற நிலை வந்தது. இதையெல்லாம் நான் கைத்தொலைபேசியில் தேடிப் படித்தேன். உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் லாரா அதே ஆண்டு ஒக்ரோபரிலேயே மறுபடி ஓடினார் என்பதை வாசித்துவிட்டு, "எட்டு மாதம், எனக்கும் அப்படித்தான்" என்று கணக்குப் போட்டது மடைத்தனம். அவருக்கு முழங்கால்தான் தொழில். எனக்கு முதியோர் இல்லத்தில் அறுபது வீத வேலை, சமையல், இரண்டு பிள்ளைகள்.

அந்தச் சோபாவில் வாசித்தவற்றில் மிகவும் உதவியது வேறொன்று. நான் விழுந்த விதத்துக்கு ஒரு பெயரே இருக்கிறது: பேய்க்கால். ஸ்கீயின் வால் குதிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா? பின்பக்கம் பார்த்த இன்னொரு பாதம் மாதிரி. பாரம் முழுதும் பள்ளப்பக்க ஸ்கீயின் வாலில் இறங்கினால், அந்த இல்லாத பாதம் முழங்காலைப் பிடித்து முறுக்கிவிடும். அமெரிக்காவில் கார்ல் எட்லிங்கர், ரொபர்ட் ஜோன்சன் ஆகியோர் இதை விழும் காணொளிகளை வைத்து ஆராய்ந்து, பனிமலைகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1995இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, பயிற்சி எடுத்தவர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 வீதம் குறைந்தன. பயிற்சி என்ன பெரிய பயிற்சி? கைகள் முன்னால் இருக்கட்டும். விழுகிறாய் என்றால் விழு. காலை விறைப்பாக நீட்டாதே. வழுக்கி நிற்கும்வரை எழும்பாதே. பின்னால் கையை ஊன்றாதே. நான் இதில் எல்லாவற்றையும் மாற்றிச் செய்திருந்தேன்.

ஸ்கீ ஏன் கழரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். சப்பாத்தைப் பிடித்திருக்கும் பின்டுங், முன்பக்கம் பக்கவாட்டிலும் குதிப்பக்கம் மேல்நோக்கியும் கழரும். அது முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பைக் காப்பாற்றச் செய்தது. முழங்காலுக்குள் நடக்கும் முறுக்கல் அதற்குத் தெரியாது, அதுவும் மெதுவான விழுதலில். அதை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பதை எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், ஓடும் விதம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் கடையில் தீர்மானிப்பார்கள். வாடகைப் படிவத்தில் ஓடும் விதத்துக்கு நான் 'நடுத்தரம்' என்று குறித்திருந்தேன். உண்மையில் 'மெதுவாக, கவனமாக' என்ற கட்டத்தில் போட வேண்டிய ஆள். அதனால்தான் அறுந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. என்றாலும் அந்தக் குறியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

இப்போது காசு விஷயம். எங்கள் ஆட்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். சுவிஸில் ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியான விபத்துக் காப்புறுதி உண்டு. எனக்கு அது இருந்தது. மலையிலிருந்து இறக்கிய செலவு, ஒப்பரேசன், பிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சை) எல்லாம் அதில் போனது. மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதமும் வந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா மூன்று இடங்களில் துப்புரவு வேலை செய்கிறார், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து, ஆறு மணித்தியாலம். கூட்டினால் பதினேழு. ஆனால் சட்டம் கூட்டிப் பார்ப்பதில்லை. அவர் பனியில் வழுக்கி விழுந்தால் பொறுப்பு மருத்துவக் காப்புறுதிக்குத்தான். அதில் விபத்துப் பகுதியைச் சேர்த்திருக்க வேண்டும். கழிவுத் தொகை, அதாவது நாங்களே கட்ட வேண்டிய பங்கு, கைக்காசு. வேலைக்குப் போகாத நாளுக்கு எனக்கு வந்த அந்த 80 வீதம் அவருக்கு இல்லை. பனிமலைக்குப் போகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து விபத்து என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரிலிருந்து அம்மா ஒவ்வொரு நாளும் அழைத்தார். "முறிவு நெரிவுக்குப் புக்கை கட்டினா ஒரு மாசத்திலை நடக்கலாம் பிள்ளை. உனக்கு ஏன் இந்த வயசிலை பனியிலை விளையாட்டு?" முதல் வசனத்துக்கு விளக்கம் சொன்னேன். இரண்டாவதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஒப்பரேசன் வேண்டுமா என்பதுதான் பெரிய கேள்வி. இது அறுந்தால் உடனே வெட்டித் தைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். டொக்டரே அவசரம் இல்லை என்றார். 2010இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்றைப் பற்றியும் சொன்னார். 121 பேர், இளம் வயதினர். பாதிப் பேருக்கு முதலிலேயே ஒப்பரேசன், மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஒப்பரேசன். இரண்டு ஆண்டுகளின் முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலை. முதலில் பயிற்சி செய்த 59 பேரில் 23 பேர்தான் பிறகு ஒப்பரேசனுக்குப் போனார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. பயிற்சியைத் தேர்ந்தெடுத்தேன்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தேன். நேராக நடக்க வந்தது, சைக்கிள் ஓட வந்தது. ஆனால் உடுப்புக் கூடையோடு நிலவறைப் படியில் திரும்பினால் முழங்கால் நழுவியது. ஒருமுறை இல்லை, நாலு முறை. இல்லத்தில் ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது நழுவியதோடு முடிவெடுத்தேன். என் கால் போவது என் பாடு, அவரைக் கீழே போட்டால்? ஜூனில் ஒப்பரேசன். பின் தொடையிலிருந்து தசைநாண் எடுத்து உள்ளே கட்டினார்கள். அந்த மூன்று மாதம் வீண் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தொடையில் பலத்தோடு மேசைக்குப் போனதால், வெட்டிய பிறகும் எழும்ப முடிந்தது.

பிசியோ சீட்டு ஒன்றுக்கு 9 தடவை. முடிந்ததும் டொக்டரிடம் இன்னொரு சீட்டு. எத்தனை சீட்டு என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். முதல் இரண்டு கிழமை எல்லோரும் கேட்பது "எவ்வளவு மடங்குது?" என்றுதான். பிசியோப் பெண்ணோ நீட்டுவதைத்தான் பார்த்தார். குதிக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, முழங்காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் படுக்க வேண்டும். சும்மா படுக்கிற பயிற்சி என்று சிரிக்காதீர்கள், கண்ணீர் வரும். மடங்குவது பிறகும் வரும், ஆனால் கடைசி ஐந்து பாகை நீட்டலை முதல் மாதங்களில் விட்டுவிட்டால் பிறகு நொண்டிதான் என்றார். அப்புறம் தொடைத் தசை. "இறுக்கு" என்று மூளை சொல்கிறது, தசைக்குக் கேட்கவில்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு அது அப்படி உறங்கிப்போகும். பக்கத்துக் காலோடு சேர்த்து இறுக்கினால் விழிக்கும் என்று சொல்லித் தந்தார். அது வேலை செய்தது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில். இதை நான் இல்லத்தில் மற்றவர்களுக்கு எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்தவள். என் காலுக்கு மறந்துபோய்விட்டது.

இரண்டாம், மூன்றாம் மாதங்கள்தான் ஆபத்தானவை. வலி போய்விட்டது, வீக்கம் இல்லை, ஊன்றுகோலை மூலையில் வைத்துவிட்டோம். ஆனால் உள்ளே கட்டிய நாண் அப்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும். உடம்பு அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள, பழைய இழைகளைக் கரைத்துப் புதியதை நெய்கிற காலம் அது. ஆறாம் கிழமைக்குப் பிறகு, பேருந்தைப் பிடிக்க ஒருநாள் ஓடினேன். ஏழெட்டு அடிதான். மறுநாள் காலை முழங்கால்சில்லைச் சுற்றியிருந்த குழிகள் காணாமல் போயிருந்தன. அன்றிலிருந்து அந்தக் குழிகள்தான் என் மேலதிகாரி. காலையில் குழி தெரிந்தால் நேற்றுச் செய்தது சரி. தெரியாவிட்டால் நேற்றுக் கூடிப்போச்சு, இன்றைக்கு அரைவாசி. இதைவிட நம்பகமான கருவி எதையும் நான் பார்க்கவில்லை.

கோயிலில்தான் மனம் சோர்ந்தது. பெர்னில் ஐரோப்பாப் பிளாட்ஸில் உள்ள கோயிலுக்குப் போனால் எல்லோரும் சம்மணம் கட்டி இருப்பார்கள், நான் கதிரையில், வயசானவர்களின் வரிசையில். விழுந்து கும்பிட முடியவில்லை. முழந்தாளில் நிற்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. "என்ன, ஸ்கீ ஓடப் போய்த்தானே?" என்று கேட்கிறவர்களுக்கும் அங்கே குறைவில்லை.

ஒன்பதாம் மாதம் 2023 மார்ச்சில் வந்தது. அந்தக் குளிர்காலம் தாழ்ந்த மலைகளில் பனியே சரியாக விழவில்லை. புதுவருட நாளில் சுவிஸின் வடக்கில் 20 பாகை வெப்பம். ஆசை காட்ட மலையில் ஒன்றும் இல்லாதது என் அதிர்ஷ்டம். பிசியோவில் சோதனை வைத்தார்கள். ஒற்றைக் காலில் பாய்ந்து தூரம் அளப்பது, மூன்று பாய்ச்சல், இயந்திரத்தில் தொடையின் பலம். பாய்ச்சலில் நொந்த கால் நல்ல காலின் 92 வீதம். நான் கை தட்டினேன். பலத்தில் 78. எல்லாவற்றிலும் 90 தாண்டினால்தான் கதைக்கலாம் என்றார். பாய்ச்சலில் இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து தொடையின் குறையை மறைத்துவிடுமாம். இன்னொன்றும் சொன்னார்: ஒரு வருடம் ஓடாமல் இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும், அதோடு ஒப்பிட்டு வரும் வீதத்தை அப்படியே நம்பாதே. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வையும் காட்டினார். ஒப்பரேசனுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பிப் போவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முழங்காலைக் காயப்படுத்தும் வாய்ப்பு 51 வீதம் குறைகிறது. எனக்கு ஒன்பது போதவில்லை. டிசம்பரில் மறுபடி அளந்தபோது பலம் 93.

கால் தயார். ஆள்? கனவில் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இதற்கு யாரும் சீட்டு எழுதித் தரவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: வீட்டில் மெத்தையை நிலத்தில் போட்டு விழப் பழகினேன். கையை முன்னால் நீட்டியபடி, முழங்காலை மடித்து, பக்கவாட்டில் சாய்வது. இருபது தரம், முப்பது தரம். மகன் வந்து பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போனான்.

2024 ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை. சனி ஞாயிறு கூட்டம் வேண்டாம் என்று வேலையில் நாள் மாற்றிக்கொண்டேன். மறுபடி ஹஸ்லிபெர்க், ஆனால் பிட்மியில் சின்னப் பிள்ளைகள் பழகும் இடம். வாடகைக் கடையில் வயது, எடை எல்லாம் உள்ளபடி சொன்னேன். ஓடும் விதம்: மெதுவாக, கவனமாக. போன தடவையைவிடக் கட்டையான ஸ்கீ. நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நகரும் கம்பளத்தில் நின்று மேலே போனபோது, ஒரு பிள்ளை என்னைப் பார்த்து, "நீங்களும் முதல் நாளா?" என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டது. ஓம் என்றேன்.

வலப்பக்கம் திரும்புவதுதான் வரவில்லை. அப்போது இடது கால் பள்ளப் பக்கம் வரும், பாரம் முழுதும் அதில்தான். உடம்பு தானாகவே மலைப்பக்கம் சாய்ந்து பின்வாங்கியது. பின்வாங்குவதுதான் பேய்க்காலுக்கு வாசல் என்று தலைக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியாது. மகள் எனக்கு முன்னால் பின்பக்கமாக ஓடிக்கொண்டே, "என்ரை கையைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டுங்கோ" என்றாள். கை முன்னுக்குப் போனதும் இடுப்பும் கூடவே போனது. அதன்பிறகு வந்தது. முழுக்க இல்லை, பத்தில் ஆறு.

பதினொன்றரை மணிக்கு ஒரு பெடியன் குறுக்கே வந்தான். விலத்தப் போய்ச் சரிந்தேன். பழைய புத்தி ஒரு கணம் "நில், எழும்பு" என்றது. விட்டுவிட்டேன். பக்கவாட்டில் விழுந்து, முழங்கால் மடிந்தபடி, ஏழெட்டு மீற்றர் பனியில் வழுக்கிக்கொண்டு போய் நின்றேன். கழுத்துக்குள் பனி. மகள் ஓடிவந்து முகத்தைப் பார்த்தாள், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நிறுத்திவிட்டோம். கால் இன்னும் ஓடலாம் என்றது. அது சொல்வதைக் கேட்டுத்தானே போன தடவை? கேபிளிலேயே இறங்கினோம். மைறிங்கன் நிலையத்தில் இடியப்பப் பெட்டியைத் திறந்தால் சம்பல் உறைந்துபோயிருந்தது, இருந்தாலும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை வேலை ஏழு மணிக்கு. ஐந்தரைக்கு விழித்து, விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி இரண்டு முழங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லின் இரு பக்கமும் குழி தெரிந்தது. விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.